பக்கத்துச் சீற்றின் ஈரம்

வேனுக்குள் இனிப்பாக ஒரு மணம் வந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு படலம். துடைத்தால் மறுநாள் திரும்பவும் படியும். கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி இறக்குவது என் வேலை. பழுத்த வாழைப்பழம்தான் மணக்கிறது என்று நினைத்து, வேனின் பின்பக்கத்தை இரண்டு தடவை கழுவினேன்.

றேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் கிளீனராக ஏறியவன் நான். முதலில் பழகிய வேலை அது. பிறகு எத்தனையோ நாடு, எத்தனையோ வேலை. அந்தக் கைப்பழக்கம் போகவில்லை.

ஊரில் போர் முடிந்த ஆண்டின் இலையுதிர்காலம் அது. அந்த வசந்தத்தில் என் வேனில் இருக்க இடம் கிடைக்காது. பின் சீற்றுகளைப் பூட்டி, போரை நிறுத்தச் சொல்லி இந்த நகரத்துத் தெருக்களில் நின்று குரல்கொடுக்கப் போனவர்களை ஏற்றி இறக்கினேன். மே மாதத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது. என் தொலைபேசியும் அடங்கியது. சீற்றுகளைக் கழற்றிவிட்டு மறுபடி பெட்டிகளை ஏற்றினேன்.

முதல் உறைபனி அன்றிரவு விழும் என்று வானொலியில் சொன்ன காலையில், ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்றுத்தான் வந்தது. மில்லிக்கன் பகுதியில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்னால் கராஜ் வைத்திருந்த மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னண்ணை விட்டனீங்கள் இதுக்குள்ள?"

"தண்ணிதான்."

"வெறும் தண்ணியோ? இண்டிரவு உறைஞ்சா இஞ்சின் வெடிச்சுப்போடும். பிறகு வேனுக்குள்ள கோழி வளக்கலாம்."

பக்கத்துச் சீற்றின் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைப் பிழிந்தார். பச்சையாக ஒழுகியது. அதே இனிப்பு மணம்.

"ஹீற்றருக்குச் சுடுதண்ணி போற சின்ன றேடியேற்றர் ஓட்டை. கனநாளா ஒழுகியிருக்கு. பக்கத்தில இருக்கிற ஆள் சொல்லேல்லையோ, கால் நனையுதெண்டு?"

"அதில ஆர் இருக்கினம்?"

அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"அதுக்குப் போற ஹோஸ் குழாயைத் திருப்பிக் கட்டிவிட்டா ஒழுக்கு நிக்கும். ஆனா ஹீற் வராது. தனியத்தானே ஓடுறியள், தடிச்ச ஜக்கெற்றோட சமாளிக்கலாம்."

"கண்ணாடி?"

"அதைப் பனி மூடிப்போடும். ஒண்டும் தெரியாது. புதுசு போடுறதெண்டா டாஷ்போட் முழுக்கக் கழட்டோணும்."

விடியுமுன் ஓடும் வேலை என்னுடையது. கண்ணாடி தெரியாவிட்டால் குளிர்காலம் முழுக்கச் சம்பளம் இல்லை. "புதுசே போடுங்கோ," என்றேன்.

பகல் முழுக்க நான் அங்கேயே இருந்தேன். போக வேறு இடமும் இல்லை. அவர் பழைய தண்ணீரை வடித்து, புதியதைப் பொருத்தி, குளிரில் உறையாத கூலன்ற் திரவத்தை நிரப்பி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. ஊறிய கம்பளத்தை எறிந்துவிட்டு, என் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கிழித்து அந்த இடத்தில் விரித்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்துச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓடுங்கோ. ஈரம் பட்டா என்ர சொக்ஸ் சொல்லும்."

மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சீற்றில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். ஹீற்றர் சூடாக ஊதியது. கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிந்துகொண்டு வந்தது. கராஜுக்குத் திரும்பும் சந்தி வந்தது. நான் நேரே விட்டேன்.

"அண்ணை, கராஜ் அங்கால. அஜக்ஸ் ரவுண் வரைக்கும் கொண்டுபோகப் போறியளோ?"

"நல்லாச் சூடேறினாத்தானே ஒழுகுதோ எண்டு தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டிக்கொண்டார்.