செல்வி கேட்ட கேள்வி

முதல் செமஸ்டரிலேயே நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்ற வெறியோடு முதல் பெஞ்சில் இடம் பிடித்தேன். பக்கத்தில் புளியந்தோப்பு செல்வி. என் வீடு தண்டையார்பேட்டை. பஸ்ஸில் வரும்போது இருவரும் ஒரே வடசென்னை பாஷைதான் பேசுவோம்.

ஒருநாள் கணக்கு வகுப்பில் செல்வி எழுந்து, "சார், அந்த மைனஸ் இன்னாத்துக்கு அங்க கீது?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. "இது என்ன பாஷை? யாருக்காவது புரிஞ்சுதா?" என்றார் சார்.

நான் எழுந்தேன். "அந்த மைனஸ் அங்கே எதுக்கு இருக்குன்னு கேட்கிறா சார்." ஏதோ வெளிநாட்டு மொழியைப் பெயர்த்துச் சொல்வது போலச் சொன்னேன்.

"நல்ல கேள்வி!" என்று சார் என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு செல்வி எழவே இல்லை. சந்தேகம் வந்தால் என் காதில் சொல்வாள். "நீயே கேளுடி. நீ கேட்டாதான் அவருக்குப் பிரியுது." நானும் கேட்டேன். கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தேன்.

ரிசல்ட் வந்த அன்று, வகுப்புத் தோழிகள் சூழ்ந்திருந்தபோது அம்மா போன் செய்தாள். "இன்னா கண்ணு, ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்துவிட்டது அம்மா. கணக்கில் நான்தான் முதலிடம்."

அம்மா கேட்டாள்: "யாரும்மா பேசறது? எம்பொண்ணாண்ட போனைக் குடு."

போனுக்கு வெளியே கேட்ட அந்தக் குரலுக்குத் தோழிகள் சிரித்தார்கள்; பக்கத்தில் நின்ற செல்வி சிரிக்கவில்லை. போனை வாங்கிச் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க பொண்ணுதான் பேசிக்கினு கீது. கணக்குல ஃபர்ஸ்ட்டு வந்துகீது."

என்னை என் அம்மாவுக்கே அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தக் கேள்விகள் அவளுடையவை என்று சாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.