வேவ்மேக்கருக்கு விட்ட லீவும் ஓர் அனிமோனும்

1. மிக்ஸி சத்தம்

விஜயதசமி காலை ஏழரை மணிக்கு, பெசன்ட் நகரில் என் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியின் வேவ்மேக்கரை ஆன் செய்தேன். தொட்டிக்குள் அலையடிக்க வைக்கிற சின்ன மோட்டார் அது. சத்தமே போடக் கூடாது. அன்றைக்கு மிக்ஸியில் தேங்காய் அரைபடுகிற மாதிரி ‘கர்ர்ர்’ என்றது. இரண்டே விநாடியில் தண்ணீரெங்கும் பழுப்புத் துணுக்குகள் சுழன்றன.

“அம்மா, என் அனிமோன்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்த என் மகள் யாழினி, கையைத் தொட்டிக்குள் விடப் போனாள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒயர் என்ன கதியில் இருக்கிறதோ தெரியாது. ஒரு கையால் அவள் சட்டைக் காலரையும் மறு கையால் பிளக்கையும் பிடித்து இழுத்தேன். இரண்டும் வந்துவிட்டன. ஒரு பட்டன் தெறித்ததோடு சரி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலேதான் நின்றது.

இத்தனைக்கும் வீடுகளில் இருக்கிற தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். விலங்கியல் படித்துவிட்டு, பதினெட்டு வருஷமாக மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஸ்கூட்டரில் பக்கெட்டும் குழாயுமாகச் சுற்றுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், “கஸ்டமர் அனிமோன் கேட்டா வைக்கலாமா மேடம்?” என்று கேட்கிறார்கள். நான் எப்படிப் பதில் கற்றுக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

2. எல்லாருக்கும் ‘வேண்டாம்’

அனிமோன் பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் விலங்கு. அதன் விரல்களுக்குள் க்ளவுன் மீன் புரண்டு விளையாடுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, க்ளவுன் வாங்கின எல்லாரும் மூன்றாம் மாதம் இதைக் கேட்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், அது நடக்கும். வெளிச்சம் பிடிக்கவில்லை, தண்ணீர் ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் பாறையை விட்டு நகர்ந்து தனக்குத் தோதான இடத்தைத் தேடும். அந்த இடம் மோட்டாராக இருந்தால் முடிந்தது. அது செத்தால் தனியாகச் சாகாது, தொட்டித் தண்ணீரையும் கெடுத்துவிட்டுத்தான் போகும். அதனால் தொட்டி ஒரு வருஷமாவது ஓடியிருக்க வேண்டும், நல்ல லைட் வேண்டும், எதுவும் உள்ளே போகாதபடி மோட்டாருக்கு ஸ்பாஞ்ச் கார்டு என்கிற உறை போட்டிருக்க வேண்டும் என்பது என் சட்டம்.

சட்டப்படி தேறுகிறவர்களுக்கும் பயத்தில் ‘வேண்டாம்’தான் சொல்வேன். அதில் அதிகம் அடிபட்டவர் மயிலாப்பூர் சேஷாத்ரி சார். இன்ஷூரன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். சர்வீஸுக்குப் போகிறபோதெல்லாம் ஆரம்பிப்பார்.

“என்னம்மா, இந்த மாசமாவது பெர்மிஷன் உண்டா?”

“வேணாம் சார். ரெண்டு மீனும் நல்லா இருக்கு. எதுக்கு ரிஸ்க்?”

“நாலு வருஷமா ஓடற டேங்க்கும்மா. நான் ஆபீஸ்ல இருந்தப்போகூட ஒரு ஃபைலை இவ்ளோ நாள் நிறுத்தி வெச்சதில்ல.”

3. என் வீட்டில் மட்டும் ‘சரி’

யாழினிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய க்ளவுன் ஜோடிக்குப் போண்டா, பஜ்ஜி என்று பெயர். மூன்று வருஷமாக அவளே சாப்பாடு போட்டு வளர்த்தவை. போன கோடையில் அவளுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் தொட்டிக்கு எதிரே சோபாவில் கிடந்தாள். தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக நான் பாதியாகிவிட்டேன். காய்ச்சல் விட்ட அன்று, “அம்மா, ஒரே ஒரு அனிமோன்” என்றாள். அந்த நிமிஷம் அவள் திமிங்கிலம் கேட்டிருந்தாலும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

தி.நகரில் ஒரு கஸ்டமர் வீட்டு அனிமோன் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதியைக் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் தொட்டியைப் புதிதாக மாற்றி ஐந்து மாசம்கூட ஆகவில்லை. என் சட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சேஷாத்ரி சாரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

4. ஆயுத பூஜை

எங்கள் தொழிலில் ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள் பேய் வேலை. எல்லா வீட்டிலும் கண்ணாடி பளபளக்க வேண்டும். ஊர்த் தொட்டியெல்லாம் துடைத்துவிட்டுக் கடைசியில் என் சாமான்களுக்கு வருவேன். உப்புத்தண்ணீர் கலக்கி வைக்கிற நீல டிரம்மைக் காலி செய்து தேய்த்தேன். வேவ்மேக்கரின் ஸ்பாஞ்ச் கார்டைக் கழற்றி, துவைத்து, கொடியில் க்ளிப் போட்டேன். பம்ப், உப்பின் அளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர், டிரம், சுரண்டுகிற பிளேடு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வேவ்மேக்கர் ஸ்விட்சுக்கும் ஒரு பொட்டு வைத்து அணைத்தேன். சோறு போடுகிற மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு தருவது வருஷா வருஷம் நான் செய்வதுதான். ஃபில்டர் ஓடுகிறது, மீனுக்கு அது போதும்.

மீனுக்குப் போதும், அனிமோனுக்குப் போதவில்லை. அலை நின்றதும் அது நகர ஆரம்பித்திருக்கிறது. கார்டு இல்லாத, சத்தம் இல்லாத, நிழலான ஒரு கூடு கிடைத்திருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு, கார்டு கொடியிலேயே தொங்க, தொட்டியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டேன்.

5. மூன்று கேன்

கால் மணி நேரத்தில் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆனது. போண்டாவும் பஜ்ஜியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் வைத்தேன். நஞ்சை உறிஞ்சுகிற கார்பன் இருந்ததையெல்லாம் ஃபில்டரில் கொட்டினேன். அடுத்து வேண்டியது நல்ல உப்புத்தண்ணீர். என் நீல டிரம் சந்தனப் பொட்டோடு காலியாக நின்றது.

“அம்மா, போண்டா சாய்ஞ்சு சாய்ஞ்சு நீந்துதும்மா” என்றாள் யாழினி. வெட்கத்தை விட்டு சேஷாத்ரி சாருக்கு போன் போட்டேன்.

“சார், கலக்கி வெச்ச தண்ணி இருக்கா?”

“அறுவது லிட்டர் இருக்கே. எப்பவும் ரெடியா இருக்கணும்னு நீங்கதானே மெரட்டி வெச்சிருக்கேள். யாராத்துல என்ன ஆச்சு?”

“எங்க வீட்டுலதான் சார்.”

“டாக்டராத்துலயே ஜுரமா! இருங்கோ, வரேன்.”

அரை மணியில் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் சேஷாத்ரி சார், காலுக்கடியிலும் மடியிலுமாக மூன்று இருபது லிட்டர் கேன். ஆட்டோக்காரர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டே கேட்டார்.

“இன்னா மேடம், உப்புத் தண்ணியாமே? பீச்சு இதோ தெரு முனையில கீது. இவரு மைலாப்பூர்லேர்ந்து தூக்கினு வர்றாரு!”

கரையோரத் தண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று விளக்க எனக்கு நேரமில்லை. சார் விளக்கினார், என் வார்த்தைகளிலேயே. “அது அழுக்கு ஜலம்ப்பா. இது ஆர்.ஓ. ஜலத்துல உப்பை அளந்து போட்டு, ஒரு நாள் பூரா சுத்த விட்டது.”

“அப்ப மீனுக்கு மினரல் வாட்டரு, நமக்கு லாரித் தண்ணி. சர்தான்” என்று சிரித்தபடி போனார்.

ஒரு பக்கம் நான் கெட்ட தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற, மறு பக்கம் யாழினி நல்ல தண்ணீரைக் குவளையால் மெதுவாக ஊற்றினாள். மூன்றாவது கேன் பாதியாகும்போது போண்டா நிமிர்ந்தது. யாழினி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

பிறகு மோட்டார் கூண்டைப் பிரித்தேன். உள்ளே பாதி அனிமோன் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“ஏம்மா, இது அனிமோன்னா?”

“ஆமாம் சார்.”

“நேக்கு ஒரு வருஷமா வேண்டாம்னேள்!”

“பொண்ணு கேட்டா சார்.”

“அப்போ ஒண்ணு பண்றேன். அடுத்த ஜென்மத்துல உங்க பொண்ணாப் பொறந்துட்டு வந்து கேக்கறேன்.”

அழுதுகொண்டிருந்த யாழினிக்குச் சிரிப்பு வந்து மூக்கொழுகியது.

6. வாசல் மணி

பிய்ந்த அனிமோனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டோம். பிழைக்காது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரத்தில் பாதி வாய் கூடி முழு வாயாயிற்று. விரல்கள் மறுபடி முளைத்தன. இனி அதைப் பாறையில் விடலாமா, வேண்டாமா? நான் முடிவு சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினி என்னை வாசலுக்குத் தள்ளினாள்.

“வெளிய போய் பெல் அடி. சர்வீஸுக்கு வந்த மாதிரி வா. அம்மாவா வராத.”

அடித்தேன். கதவைத் திறந்தாள்.

“வாங்க மேடம். எங்க டேங்க்ல அனிமோன் வைக்கலாமான்னு பார்த்துச் சொல்லுங்க.”

“டேங்க் போட்டு எத்தனை மாசம் ஆச்சு?”

“இன்னும் ஒரு வருஷம் ஆகலை.”

“மோட்டாருக்கு கார்டு இருக்கா?”

“இருக்கு. ஒரு தடவ கழட்டிட்டாங்க.”

“யாரு?”

“எங்கம்மா.”

“ஸ்விட்ச் யார் போடுவாங்க?”

“அவங்கதான். போட்டுட்டு ஸ்கூட்டர எடுத்துட்டு ஊர் டேங்க் எல்லாம் பார்க்கப் போயிடுவாங்க.”

“பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?”

“போண்டாவும் பஜ்ஜியும்.”

அம்மாவாக வந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். “வேணாம்மா” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து மீன் கொண்டுபோகிற பாலிதீன் பையை எடுத்தாள். முதல் நாளே கழுவிக் காய வைத்திருக்கிறாள்.

மயிலாப்பூரில் சாரிடம் அனிமோன் இருந்த பையைக் கொடுக்கும் முன், “ஆயுத பூஜைக்கு மோட்டாரை நிறுத்துவீங்களா சார்?” என்று கேட்டேன்.

“எங்காத்துல புஸ்தகத்தைத்தான் பூஜையில வெப்போம். அன்னிக்குப் படிக்கப்டாது, அவ்ளோதான். மோட்டார் பாட்டுக்கு ஓடும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “அவர் ஃபேனையே அணைக்கறதில்ல, மோட்டாரையா அணைக்கப் போறார்!”

அவருடைய மீன்கள் இன்றுவரை அந்த அனிமோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மட்டும் தினமும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். யாழினிக்கு வாரம் ஒரு போட்டோ அனுப்புகிறார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தொட்டியின் வயது, லைட், உப்பின் அளவு எல்லாம் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் யார் ஸ்விட்சைத் தொடுவார்கள், வருஷத்தில் எந்தெந்த நாளில் தொடுவார்கள் என்று எல்லாரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பண்டிகை, ஊருக்குப் போவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எதையும் விடாதீர்கள். அது உங்கள் சொந்த வீடு என்றால், வெளியே போய் மணியடித்துவிட்டு உள்ளே வந்து கேளுங்கள்.