தையல்காரரின் இடுப்பளவு

தெருவில் எல்லார் இடுப்பளவும் தையல்காரருக்கு மனப்பாடம். தன்னுடையது மட்டும் ராணுவ ரகசியம். வருஷத்துக்கு ஒருமுறை தன் பேன்ட்டைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்ட துணியைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துக்கொள்வார். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் ‘கொஞ்சம்தான் கூட’ என்று டாக்டர் சொன்னதை, மார்க் கூட வாங்கிய பிள்ளைபோலச் சொல்லித் திரிந்தார்.

ஒரு மதியம் கத்தரி கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது.

“யாரைக் கிண்டல் பண்றீங்க?” என்றாள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி. பதில் குழறியது. “ரெண்டு கையையும் தூக்குங்க!” வலது கை பாதியில் விழுந்தது. கடையைப் பூட்டக்கூட நிற்காமல் அவரை ஆட்டோவில் ஏற்றினாள்.

நேரத்தோடு போனதால் மருந்து மூளையின் அடைப்பைக் கரைத்தது. கத்தரி பிடிக்கும் கை பிழைத்தது.

“எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தானே டாக்டர்?”

“தொப்பையோட சேர்த்து நாலும் கூட்டணி வச்சிருக்கு ஐயா. அதுதான் தலைமை.”

“பேன்ட்டைப் பிரிச்சுவிடலாம், ரத்தக்குழாய்க்கு உள்ளே துணி விட்டா தைச்சிருக்கு?” என்றாள் மனைவி.

இப்போது ஞாயிறுதோறும் டேப்போடு வருகிறாள். அவர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்.

“மூச்சை விடுங்க.”

“விட்டா கூடிடுமே!”

“விடலைன்னா ஆளே இருக்க மாட்டீங்க.”

விட்டார். அரை இஞ்ச் குறைந்திருந்தது. “டேப்பு இழுபட்டு நீண்டுபோச்சு போல” என்று அவரே சந்தேகப்பட்டார்.