படகில் கிடந்த தேசிக்காய்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்றொழில் செய்யும் என் அண்ணன் சில நாட்களாக வெறும் வலையோடு திரும்பினார். பின்னர் கடும் காய்ச்சலில் படுத்தார். அப்போது அவருடைய படகுக்குள் குங்குமம் தடவிய எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், ஒன்று வெட்டிக் கிடந்தது.

“உது செய்வினைதான். பக்கத்து வீட்டு மரியதாசின்ரை வேலை. கரையிலை படகு விடுற இடத்துக்குச் சண்டை பிடிச்சவன் எல்லே?” என்றார் அண்ணனைப் பார்க்க வந்திருந்த என் மச்சான்.

பட்டதாரியான நானும் நம்பினேன். இவ்வளவு செபித்தும் தீமை எப்படி வீட்டுக்குள் வந்தது என்ற ஐயம் என்னை அரித்தது. மரியதாசிடம் நியாயம் கேட்க எழுந்தேன்.

“செபமாலை சொல்லிப்போட்டுப் போங்கோ தம்பி,” என்று அண்ணி மறித்தார்.

யார் யாருக்காகச் செபிக்கிறோம் என்று கருத்துகளை ஒப்புக்கொடுக்கும்போது, அண்ணி “மரியதாஸ் அண்ணைக்காகவும்” என்றார். நானும் சேர்ந்து மன்றாட வேண்டியதாயிற்று. அதன்பின் மரியதாசின் வாசற்படலையில் போய்ச் சண்டையிட என்னால் முடியவில்லை. கோபம் தணிந்தபோதுதான் அண்ணனின் கைகளில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; அயலில் ஓட்டோ வைத்திருந்தவர் மரியதாஸ் ஒருவரே. தயங்கியபடி கூப்பிட்டேன்.

“விசரா, இவ்வளவு நாளும் என்ன பாத்துக்கொண்டிருந்தனீ? கெதியா ஏத்து!” என்று ஓடிவந்தார்.

டெங்கு. இன்னும் பிந்தியிருந்தால் காப்பாற்றுவது கடினம் என்றார் வைத்தியர். அண்ணன் நலமாக வீடு திரும்பினார்.

தேசிக்காயைப் போட்டது யாரென்று இன்றும் தெரியாது. அயலவரைப் பகைவராக்கவிருந்த சந்தேகத்திலிருந்து இறைவன் எங்களைக் காத்தார் என்று நன்றியோடு விசுவசிக்கிறேன். இப்போது எவராவது செய்வினை என்று என்னிடம் வந்தால், முதலில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறேன். பிறகு அவ்வீட்டாரோடு அமர்ந்து, அவர்கள் சந்தேகிப்பவரின் பெயரையும் சொல்லிச் செபிக்கிறேன்.