சத்தம் நின்ற ஞாயிறு

எங்கள் ஏரிக்கரையில் மேளம் அடிக்கக் கூடாது. ஏரிக்கு நடுவே ஒரு திட்டு, முழுக்கக் கருவேல மரம். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் வந்து அதில் கூடு கட்டும். குஞ்சு பறக்கிற வரைக்கும் கரையில் பட்டாசு கிடையாது, மைக் செட் கிடையாது, சாவு மேளமும் கிடையாது. எந்த அதிகாரியும் போட்ட சட்டம் இல்லை. மீறினால் கேட்க ஊரே இருக்கிறது, அவ்வளவுதான். படப்பையிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கூட கரை ஏறியதும் பாட்டை நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சுடுகாடு கரையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அதனால் மார்கழியில் செத்தவர்களுக்குப் பாதி தூரம்தான் மேளம். கரை தொடங்கும் இடத்தில் மேளக்காரர்கள் நின்றுவிடுவார்கள். பெண்கள் நாங்களும் அங்கேயே நின்றுவிடுவோம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பாடை மட்டும் மேலே ஏறும். அத்தனை ஆண்கள் போகிறார்கள், ஒரு செருமல்கூட இருக்காது.

போன மார்கழியில் என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலோடு சரி. யார் வீட்டுச் சாவானாலும் மேளத்துக்கு முன்னால் முதல் ஆளாக ஆடுகிற மனுஷன் அவர். "ஒரு நாளைக்கு அடிச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது? எங்கண்ணன் அனாதையா?" என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். கூடாது என்றேன். திட்டில் அப்போதுதான் முட்டையெல்லாம் பொரிந்துகொண்டிருந்தன. மேளச் சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்தால் காக்காய் ஒரு குஞ்சு விடாது. கல் நெஞ்சுக்காரி என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் எல்லாச் சத்தமும் நிற்கவில்லை. ஏரியின் கிழக்குப் பக்கம், கரையை ஒட்டி, கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி. அதன் பிரஸ் ராவும் பகலும் டம்... டம்... என்று விழுந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் அதில்தான் ஆபரேட்டர். பாடையைத் தூக்கியவர்கள் அவரோடு அதே லைனில் நின்றவர்கள். கரைமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கால்கள் அந்த டம்முக்குச் சரியாக விழுந்தன. டம், ஒரு அடி. டம், இன்னொரு அடி. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், பழக்கம்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எனக்குச் சத்தமாகக் கேட்கவில்லை, நடையாகக் கேட்டது. குழம்பைக் கிளறும்போது வாசலில் யாரோ நடக்கிறார்கள். தலை வாரும்போது நடக்கிறார்கள். குடத்துத் தண்ணீரில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வட்டம் எழும்பும். ஒரகடத்தில் என் கம்பெனி லைனில் நிற்கிற நேரம்தான் நிம்மதி. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: "எம் புருஷனுக்கு மேளத்த நிறுத்துனீங்களே, அந்தப் பிரஸ்ஸ யாருபா நிறுத்தறது? அதுக்கு மட்டும் பறவ பயப்படாதா?" நியாயம்தானே! ஊரே திரண்டு கம்பெனி வாசலுக்குப் போனோம். மேனேஜர் திருநெல்வேலிக்காரர், நல்ல மாதிரி. பறவைக்கு ஆகாது, எனக்கும் ஆகாது, தூங்கிப் பல நாளாகிறது என்று பட்டென்று சொன்னேன். என் வீட்டுக்காரரை மேனேஜருக்குத் தெரியும் அல்லவா. குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஸ்ஸை நிறுத்திப் பார்ப்போம் என்றார்.

முதல் ஞாயிறு காலையில் ஊரில் பாதிப் பேர் கரையில் கூடிவிட்டோம். கோயில் நடை திறக்கக் காத்திருப்பது போல ஆளுக்கு ஆள் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். டம்... டம்... பிறகு இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு எனக்கே கேட்டது. ஏரித் தண்ணீர் கல்லை நக்குவது கேட்டது. அந்த ஏரிக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது.

திட்டில் எல்லா நாரைகளும் எழுந்து நின்றன. கூட்டில் படுத்திருந்தவையும் நின்றன. எல்லாக் கழுத்தும் நீண்டு, எல்லா மூக்கும் ஒரே பக்கம், கம்பெனிச் சுவரைப் பார்த்து. காற்றுக்குக் கிளை ஆடியது. அவை ஆடவில்லை. "இன்னாடி இது, இப்டிப் பாக்குதுங்க" என்று பக்கத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். அப்புறம் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது.

கத்தவில்லை. வக்காகூடக் கத்தவில்லை. திட்டுக்கு மேலே பெரிய வட்டமாகச் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. நிழல்கள் எங்கள் முகத்தின் மேல் ஓடின. ஒன்றாவது இறங்கும் என்று பார்த்தால் இறங்கவில்லை. வெயில் ஏறியது. முதல் காக்காய் வந்தது.

மீன் குத்தகை எடுத்திருக்கிற கொழுந்தனைப் பிடித்து உலுக்கினேன். சாக்கில் தெர்மாகோலைத் திணித்துத் தைத்த தெப்பம் அவருடையது. அதில் என்னை உட்காரவைத்துத் திட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பறவை இருக்கும்போது திட்டில் கால் வைப்பது எங்களுக்குப் பாவம். அன்றைக்குத் தாய்ப்பறவை ஒன்றும் அங்கே இல்லை, போனோம்.

அழுகின மீன் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. எச்சம் படிந்து மரமெல்லாம் வெள்ளை. காலடியில் நத்தை ஓடு நொறுங்கியது. தலைக்கு மேல் கூடு கூடாகக் குஞ்சுகள். வழக்கமாகப் பசிக்குக் கத்திக் காதைக் கிழிப்பவை, அன்று ஒன்றுக்கும் சத்தமில்லை. கூட்டோடு கூடாகத் தட்டையாகப் படுத்து, அவையும் கிழக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தன. வெயிலில் வாய் பிளந்திருந்தது. ஒரு காக்காய் வந்து ஒன்றைத் தூக்கியது. பக்கத்துக் குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை எறிந்தேன், கத்தினேன், கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். காக்காய்க்கு என்ன!

"இதுங்க முட்டைல இருந்தே அந்தச் சத்தத்துலதான் தூங்குது அண்ணி" என்றார் கொழுந்தன், மிக மெதுவாக. "ஆயுத பூசைக்கு மெஷின் நிக்கும், அப்போ இதுங்க வந்திருக்காது. பொங்கலுக்குக்கூட ஓவர்டைம் போட்டு ஓட்டுனானுங்க. சத்தம் நின்னு இதுங்க பாத்ததே இல்ல. ஆடிக்கினு இருக்கற தூளிய நிறுத்துனா கொழந்த வீல்னு எழுந்துக்காதா?"

என் வீட்டுக்காரரின் கடைசிப் பயணத்துக்கு மேளம் வேண்டாம் என்று சொன்னது இவற்றுக்காக. இவை என் கண் முன்னால், என் தலைக்கு மேல், வெந்துகொண்டிருந்தன. அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், ஓட்டுங்க. பிரஸ்ஸ ஓட்டுங்க."

"யம்மா, நீங்கதான நிப்பாட்டச் சொன்னிய?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், ஓட்டுங்க. குஞ்சுங்க கொள்ளையா சாவுது சார்."

"லைன்ல ஆளு இல்லியேம்மா, வரணும்லா" என்றவர், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மண்ணூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வாடகை ரூமில் படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரோடு லைனில் நின்ற செட்டும் வந்தது. உச்சி வெயில் சாய்கிற வரைக்கும் நானும் கொழுந்தனும் திட்டில் நின்று தெப்பக் கழியால் காக்காய் ஓட்டினோம். எத்தனையைத்தான் ஓட்டுவது?

டம்.

காலுக்குக் கீழே மண் அசைந்தது. டம். மேலே வட்டம் நெளிந்தது. நாங்கள் கழியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினோம். நாங்கள் நகர நகர எங்களுக்குப் பின்னால் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றன. வெறும் கூட்டிலும் சில இறங்கின. அவையும் அப்படியே இறக்கையை விரித்து நின்றன.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "அடுத்த ஞாயிறு என்னம்மா செய்யட்டும்? பறவ சரி, நீங்க உறக்கமே இல்லன்னு சொன்னியளே. வேணும்னா குஞ்சு பறந்த பொறவு, கோடையில நிப்பாட்டுதேன். கொஞ்ச மாசமாவது உங்களுக்கு..."

கோடையில் நிறுத்திப் பழகினால் ஐப்பசியிலும் நிறுத்தத் தோன்றும். யாராவது, எப்போதாவது, நல்லது என்று நினைத்து. நான் நினைத்ததும் நல்லதுதான்.

"வேணாம் சார்" என்றேன். "ஞாயித்துக்கெழமையும் ஓட்டுங்க. எப்பவும் நிறுத்தாதீங்க."

போனை வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போனேன். வாசலில் நடக்கிறார்கள்.