ஈரத் துண்டும் நீலச் சட்டையும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் எனக்கு முற்றத்து வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தோளில் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்ப வேண்டும். கடைசிப் பலகையைத் திருப்பி நிமிர்ந்தால் முதல் பலகை காய்ந்து உள்ளே போகக் காத்திருக்கும். சாயங்காலம் பஸ் ஏறும்போது கால் என்னுடையது மாதிரியே இருக்காது.

கூட ஒரு அக்கா வேலை செய்தார். மங்கலம்பேட்டையிலிருந்து வருவார், கணவர் சவுதியில். அக்கா வெயிலை அவன் என்றுதான் சொல்வார். "அவன் இன்னும் பல்லு வெளக்கல, அதுக்குள்ள நாலு பலகைய வச்சிடு" என்பார் காலையில். மதியம் ஆனால், "அவனுக்கு இன்னிக்கு யாரு மேலயோ கோவம்டி, நம்ம மேல காட்டுறான்."

கோபத்துக்கு எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. வெள்ளைத் துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் முதுகோடு தோளில் போட்டுக்கொள்வோம். உலர்ந்ததும் மறுபடி முக்குவோம். ஜில்லென்று இருக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

அந்த வருஷம் சித்திரையில் எனக்குத் தோளும் கையும் முழுக்கச் சிவந்து பொரிந்து, நீர் கோத்தது. பலகையை வைத்தால் உயிர் போகும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உன் தோலுக்கு வெயில் ஒத்துக்கலம்மா" என்றார்.

"துணி போட்டுக்கிட்டுதானே சார் நிக்கிறேன்."

என் மெல்லிசு வாயல் துணி ரவிக்கையை ஒரு பார்வை பார்த்தார். "இது துணியா? கொசுவலை. வெயில்ல சூட்டைக் கொடுக்குறது ஒண்ணு, தோலைச் சுடுற கதிர் இன்னொண்ணு. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஜில்லுனு இருந்தாலும் அது உள்ள போவும்." களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது. "புண்ணு ஆறட்டும், அப்புறமா வா. ஒரு வாரம் பாப்பேன். மறுபடி கெளம்புச்சின்னா வூட்லயே இருந்துக்கம்மா. பலகை தூக்காத ஆளை முற்றத்துல வச்சிக்க முடியாது." உள்ளே வர்ணம் தீட்டுகிற இடத்தில் கேட்டுப் பார்த்தேன். என் கைக்குப் பொம்மையின் கண் வரவில்லை, எல்லாம் மாறுகண்ணாக வந்தது. வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் நின்றால் அடுப்பு நிற்கும்.

புண் ஆறித் திரும்பி வந்த அன்று மதியம், சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தோம். கம்பெனியில் பொம்மையோடு கப்பும் உண்டு; சூளையில் சுட்டெடுத்த கப்புகளைத் தரம் பார்த்து அடுக்குகிறவர் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே விரல் நிழல் தெரிந்தால் மெல்லிசு, அது ஒரு பக்கம். தெரியாதது இன்னொரு பக்கம். தினமும் பார்க்கிறதுதான்.

அன்றைக்கு என்னவோ, என் துண்டை எடுத்து அதே மாதிரி பின்னால் கையை வைத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். விரல் மங்கலாகத் தெரிந்தது. தண்ணீரில் முக்கிப் பிடித்தேன். நகம் வரைக்கும் தெரிந்தது.

"அக்கா, இங்க பாருங்க."

அக்கா பார்த்தார். சோற்றை விழுங்கிவிட்டு, "அடிப்பாவி, நாமளே அவனுக்குக் கதவைத் தொறந்து வுட்டிருக்கோமே" என்றார்.

அப்புறம்தான் யோசித்தேன். கொசுவம் மடிப்பு மடிப்பாக இருக்கிற இடுப்பில் ஒரு பொரி இல்லை. துணி ஒற்றையாக இருக்கிற தோளிலும் கையிலும்தான்.

மறுநாள் அக்கா ஒரு பையோடு வந்தார். அவர் கணவர் லீவில் வந்தபோது விட்டுப்போன வேலைச் சட்டை. கருநீலம், முழுக்கை, நெருக்கி நெய்த முரட்டுத் துணி. "அங்க சவுதி மணல்ல வேலை செய்யறவங்க யாரும் கையை வெளிய காட்ட மாட்டாங்களாம். பொட்டியில சும்மாதான் கெடக்குது, போட்டுக்க." ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கை இருக்கிற சுவடே இல்லை.

புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். எதிரே வந்த மண் குழைக்கிற அண்ணன், "என்னம்மா, விசா வந்துடுச்சா?" என்றார். "இன்னொருத்தர் சட்டையைப் போட்டா புழுக்கம் இன்னொருத்தருக்கா போவும்?" என்று ஒருத்தி சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். அந்தப் புழுக்கம் எனக்கே எனக்கு. வெயில் உள்ளே வரவில்லை, வேர்வை வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றித் தொட்டிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். கை தானாகத் துண்டைத் தேடியது. அக்கா அதை எடுத்து முக்கி, என் முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டு, தோளில் போடாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "எழுந்திரு, இன்னும் நாலு நாளுதான்."

ஏழாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டார். பட்டனைக் கழற்றித் தோளை மட்டும் காட்டினேன். தோல் கருத்திருந்தது, பொரி இல்லை. புறங்கையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அதைக் காட்டவில்லை.

"சரி, நின்னுகிட்டு இருக்காத. பலகைய எடு" என்றார்.

எடுத்தேன். சந்தோஷப்படத் தெம்பு இல்லை. ராத்திரி சட்டையை அலசி உள்ளே கொடியில் போடுமுன், குண்டு பல்பு வெளிச்சத்தில் அதன் தோள்பட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பலகை உரசுகிற இடம் தேய்ந்து லேசாக வெளுத்திருந்தது. ஈரத்திலும் விரல் தெரியவில்லை. நாளைக்குப் போகலாம்.