ரஷ்யா சாரும் அண்டி ஆபீஸ் சாவியும்

செல்வதாஸ் சார் ரஷ்யாவுக்குப் போனதே இல்லை. மிஞ்சிப்போனால் திருவனந்தபுரம் வரைக்கும் போயிருப்பார். ஆனாலும் மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊரில் வந்து ‘ரஷ்யா சார் வீடு’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அவர் ஓவிய ஆசிரியர், நான் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். பக்கத்து வீடும்கூட. அதனால் அவருடைய கிறுக்கு முழுவதையும் மதிலுக்கு மேலாகப் பார்த்த பாக்கியம் எனக்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய அக்காள் மகன் ஷாஜன். பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவன் 2007இல் லீவுக்கு வந்தபோது மாமிக்கு மரப்பொம்மைகள் கொண்டுவந்தான். பொம்மைகள் மாமி குளோரியின் அலமாரிக்குப் போயின. அவற்றைச் சுற்றியிருந்த காகிதங்களை சார் இஸ்திரி போட்டு எடுத்து வைத்துக்கொண்டார். அந்த ஊரில் ஓவியர்களும் கவிஞர்களும் தத்துவம் படித்தவர்களுமாகச் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, தாங்களே அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகை அது. பாதி ரஷ்யன், பாதி இங்கிலீஷ். படம், படிப்பு, போராட்டம் மூன்றும் ஒன்றுதான் என்பது அவர்கள் கட்சி. சேர்ந்து வரைவார்கள், யாரும் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எதைச் செய்வதானாலும் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

சார் அகராதியும் கையுமாக அதைப் படித்து முடித்தார். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையைக் காலி பண்ணி, அதே பாணியில் ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தோறும் கூட்டம் போட ஆரம்பித்தார். கட்டன் சாயா போதுமா, பால் சாயா வேண்டுமா என்பதற்குக்கூட அங்கே ஓட்டெடுப்புதான். முடிவாவதற்குள் குளோரி போட்ட சாயா ஆறிப்போகும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் ஒரு வாரமும் போகாமல் இருந்ததில்லை.

தேவகனி அந்தக் கூட்டத்துக்கு வந்தது இரண்டாவது வருஷம். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். அவள் அங்கே தோடு, அதாவது முந்திரிக்கொட்டையின் மேலோடு, உடைப்பவள். கூடவே நாலைந்து பெண்களையும் கூட்டிவந்தாள். முதல் நாள் சார் வழக்கம்போல, “கை தூக்குங்க” என்றார். ஒருத்தியும் தூக்கவில்லை. எல்லோருடைய கையும் சேலைத் தலைப்புக்குள் இருந்தது. அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்கள் கறுத்துப்போயிருந்ததால் வெட்கம். தலையை மட்டும் ஆட்டினார்கள். சார் அதையே ஓட்டாக எண்ணிக்கொண்டார்.

என்ன படம் வரையலாம் என்று பேச்சு வந்தது. சார் உலக முதலாளித்துவம் என்று ஆரம்பித்தார்.

“சாறே, உலகம் அங்க கெடக்கட்டு. எங்களுக்குக் கக்கூஸ் சாவி வேணும்” என்றாள் தேவகனி.

ஆபீஸில் பெண்களுக்கு இருந்த ஒரே கக்கூஸின் சாவி முதலாளி யேசுரத்தினத்தின் மேசைக்குள் இருந்தது. ஆண்கள் நாலு பேர் இருக்கும் அறைக்குள் போய் நின்று கேட்க வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் பேச்சு வாங்க வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தேவகனி மூத்திரக் கடுப்பு முற்றிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் சாருக்கு உலகம் மறந்துபோயிற்று.

வெள்ளைத் துணி ஒன்றின் நடுவே பெரிய சாவி ஒன்றை வரைந்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து கை கழுவாமல் வந்த பெண்கள் அதைச் சுற்றிலும் தங்கள் கைகளைப் பதித்தார்கள். கீழே ‘சாவி யாருக்கு?’ என்று எழுதினார்கள். பெயர் யாரும் போடவில்லை. திங்கள் காலை ஆபீஸ் கேட்டில் யாருக்கும் தெரியாமல் கட்டிவிடுவது என்று முடிவாகி, துணி சார் வீட்டில் மடித்து வைக்கப்பட்டது.

நடுவில் வந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஒவ்வொரு வீட்டாரும் விளைந்ததை வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்கு நடக்கும் போட்டியைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் மயங்கி விழுவார்கள். குளோரி வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் வைத்த கடவப் பெட்டியை மூட, கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியை மடிப்பைப் பிரிக்காமலே எடுத்துப் போர்த்திக் கொண்டுபோய்விட்டாள்.

கோயிலில் பொருட்களை வாங்கி அடுக்கியவர்கள், மடிப்போரத்தில் தெரிந்த வண்ணத்தைக் கண்டு, யாரோ விரிப்பு தைத்துப் படைத்திருக்கிறார்கள் என்று அதை அப்படியே தனியாக எடுத்து வைத்தார்கள். ஏலம் விட்ட உபதேசியார் அதைத் தூக்கி, “கைவேலை விரிப்பு!” என்று கூவியபோதுதான் சார் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கேட்டுக்கேட்டுக் கடைசியில் ஏலம் எடுத்தது யார்? சபைச் செயலர் யேசுரத்தினமேதான்.

ஏலம் முடிந்ததும் பொருளை உயர்த்திக் காட்டி, படைத்தவர் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். உபதேசியார் துணியை விரித்தார். சாவியும் கறுத்த கைகளும் சபை முழுக்கத் தெரிந்தன. முதலாளி எழுத்தை வாசித்தார்.

“இது ஆருக்க வேலை?” என்று கேட்டார்.

பெண்கள் பகுதியில் கைகளெல்லாம் சேலைத் தலைப்புக்குள் போயின. பெயர் வெளியே வந்தால் நாளைக்கு வேலை இருக்காது. சார் எழுந்தார். கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு படத்திலும் பெயர் போடாத மனிதர், “நான் வரைஞ்சது. நான் மட்டும்தான்” என்றார். கோயில் முற்றத்தில் நின்று பொய் சொன்ன அந்த மனிதர்மீது எனக்கு அப்போது வந்த அன்பை எப்படிச் சொல்ல! எழுந்து போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

“பொய்” என்று ஒரு குரல் கேட்டது. தேவகனி எழுந்து நின்றாள். “அது எங்களுக்க கை” என்று சொல்லி, சேலைத் தலைப்பை விலக்கித் தன் வலது கையை உயர்த்திக் காட்டினாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

யேசுரத்தினம் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை சாவி கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. சபையே பார்த்துவிட்ட பிறகு யாரையும் வேலையை விட்டு நிறுத்த அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பாராட்டை எதிர்பார்த்திருக்கிறார், பாவம். தேவகனி முகம் கடுகடுவென்று இருந்தது.

“சாறே, எங்கள காப்பாத்தணும்னுதான் சொன்னிய. அது தெரியும். ஆனா எங்களுக்க கைய உங்களுக்க கைன்னு சொல்லிப்போட்டியளே.”

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“இனி எங்களிட்ட கேக்காம எங்களுக்காக ஆரும் பேசப்பிடாது. சம்மதம் உள்ளவிய கை தூக்குங்க.”

பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஒரு கைகூடத் தலைப்புக்குள் இல்லை. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கையையும் தூக்கினார்.